எட்டு நிமிடப் படகு

பெத்தனி தன் மகளின் கையைப் பிடித்துக்கொள்வது வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெரன்லாண்ட் தீம் பார்க்கில், லாந்தர் ஆறு என்கிற படகு ரைடில், எட்டு நிமிடம்.

மற்ற நேரமெல்லாம் ஐவியை யாரும் தொட முடியாது. பதினான்கு வயது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைவார வேண்டுமென்றால்கூட சீப்பை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று சைகை காட்ட வேண்டும். ஆட்டிசத்தில் இது கடுமையான வகை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தப் படகு இருட்டுக் குகைக்குள் நுழைந்து, இரண்டு கரையிலும் காகித விளக்குகள் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கியதும் அவள் தானாகவே அம்மாவின் விரல்களைத் தேடி எடுத்துக்கொள்வாள். வெளிச்சத்துக்கு வந்ததும் விட்டுவிடுவாள்.

இதைப் பெத்தனி தன் அக்கா கெண்ட்ராவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். "எட்டு நிமிஷம்டீ. வாரம் பூரா அத வச்சுத்தான் ஓட்டுறேன்" என்று ஒருநாள் கெண்ட்ராவின் சமையலறையில் நின்றபடி சொல்லிவிட்டு, அழுதுவிடுவோமோ என்று பயந்து ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டாள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஐந்து வயது வித்தியாசம். கெண்ட்ரா ஃபுளோரிடாவின் லேக்லாண்டில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். வாய்ச் சாலக்காரி. எந்த அலுவலகத்தில் எந்தக் காரியம் சிக்கினாலும் சொந்தக்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெத்தனி அதற்கு நேர் எதிர். சூப்பர்மார்க்கெட்டின் கேக் பிரிவில் விடியற்காலை வேலை. பிறந்தநாள் கேக்கின் மேல் அவள் எழுதும் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐவிக்கு மூன்று வயதானபோது அவளுடைய அப்பா டெக்சஸுக்குப் போனான். போனவன் போனவன்தான்.

ஹெரன்லாண்டில் ஐவியைப் போன்றவர்களுக்கென்று ஓர் உதவிப் பாஸ் உண்டு. வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ரைடின் வாசலில் போய்ச் சொன்னால் நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டு, அந்த நேரத்துக்கு வந்து தனி வழியாக ஏறிக்கொள்ளலாம். காத்திருக்கும் நேரம் ஒன்றும் குறையாது, நெரிசலில் நிற்கும் தொல்லைதான் குறையும். ஐவி அந்த ஒரு மணி நேரமும் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடை விடுமுறையில் கெண்ட்ராவும் தன் கணவன் ட்ராயையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு அதே பார்க்குக்குப் போனாள். வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒருநாள்தான். மத்தியானம் இரண்டு மணிக்குள் இரண்டே ரைடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். சின்னவன் கோல்பி, ஒன்பது வயது, சிணுங்கத் தொடங்கினான். ட்ராய் இதற்குப் பேசாமல் கடற்கரைக்கே போயிருக்கலாம் என்று முணுமுணுத்தான். அப்போதுதான் கெண்ட்ராவுக்கு உதவிப் பாஸ் ஞாபகம் வந்தது.

பாஸ் கொடுக்கும் அலுவலகத்தில் காரணம் கேட்பார்கள், காகிதம் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெத்தனியே சொல்லியிருக்கிறாள். வாசலில் நின்று கோல்பியிடம், "உள்ள போனதும் காத பொத்திக்கோ. அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் கைய எடுக்காத. என்ன?" என்றாள். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. உள்ளே அவள் பேசினாள். பிள்ளைக்கு நெரிசல் ஆகாது என்று ஆரம்பித்தவள், ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் தலையை ஆட்டிக் கேட்கவும், ஐவியைப் பற்றி எத்தனையோ வருடமாகத் தங்கையின் வாயால் கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்துச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் பாஸ் கைக்கு வந்தது. ஒரே சமயத்தில் பல ரைடுகளுக்கு நேரம் குறித்து வாங்கி, அன்று பூங்கா மூடுவதற்குள் பையன்கள் இன்னும் ஒன்பது ரைடு ஏறினார்கள். ட்ராய் அவளைக் கட்டிப்பிடித்து, "உன்ன மாதிரி ஒருத்தி கவர்னரா வந்தா இந்த ஊரு உருப்பட்டுடும்" என்றான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்த களிப்பில், ஃபுளோரிடா அம்மாக்கள் என்ற இணையக் குழுவில் அவள் எல்லாவற்றையும் எழுதிப் போட்டாள். எந்த ஜன்னலுக்குப் போவது, எந்த நேரத்தில் போவது, என்ன வார்த்தை சொல்வது. அந்த வார்த்தைகளை வரிசையாக, பார்த்து ஒப்பிக்கும்படி எழுதினாள். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்தார்கள். "நீங்க ஒரு தெய்வம்" என்று யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள். ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள் கெண்ட்ரா. பிறகு மறந்துபோனாள். பெத்தனிக்கு அந்த மாதிரிக் குழுக்களில் இருக்க நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை.

போன மார்ச்சில் ஹெரன்லாண்ட் விதிகளை மாற்றியது. பாஸ் வாங்குகிறவர்களின் கூட்டம் பல மடங்காகிவிட்டது, சாதாரண வரிசையில் நிற்கிறவர்கள் நகரவே முடியவில்லை, இது நியாயமில்லை என்று ஏகப்பட்ட புகார். அதனால் பழைய பாஸ்கள் எல்லாம் ரத்து. இனி வீடியோ காலில் நேர்காணல் நடத்தித்தான் புதுப் பாஸ். கூடவே, காசு கொடுத்தால் சீக்கிரம் ஏறும் வேக வரிசை ஒன்றும் வந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு மறுநாளுக்கானதை ஆப்பில் விற்பார்கள், லாந்தர் ஆற்றுக்கான இடங்கள் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெத்தனி அந்த நேரத்தில் ஏதாவது ஒரு கேக்கின் மேல் குனிந்திருப்பாள். கிடைத்தாலும் வாராவாரம் அந்த விலை அவளுக்குக் கட்டுபடியாகாது.

"நேர்காணலுக்கு நீ வந்து பக்கத்துல உக்காரு. எனக்குப் பேச வராது" என்று பெத்தனி போன் செய்தாள்.

"இதுல பேசறதுக்கு என்னடீ இருக்கு? உள்ளத உள்ளபடி சொல்லு. பாத்தாலே தெரியும் அவங்களுக்கு."

"இல்ல, நீ வா."

கெண்ட்ரா போனாள். பெத்தனியின் சின்ன வீட்டில் மடிக்கணினியைச் சமையல் மேடைமேல் வைத்திருந்தார்கள். ஐவி மேசையில் உட்கார்ந்து துணி மாட்டும் கிளிப்புகளை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கெண்ட்ரா திரையில் தெரியாதபடி ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். திரையில் டெவன் என்ற இளைஞன் வந்தான். களைத்த முகம், ஆனால் மரியாதையான பேச்சு.

"வரிசையில நிக்கும்போது என்ன ஆகும்னு உங்க வார்த்தையில சொல்லுங்க மேடம். அவசரமில்ல."

பெத்தனி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மொதல்ல காத பொத்திக்குவா. அப்பறம் உள்ளங்கையால நெத்தியில அடிச்சுக்குவா. மூணு தடவ. எப்பவும் மூணு தடவதான். அதுக்கப்பறம் இருந்த எடத்துலயே உக்காந்துடுவா, எழுப்ப முடியாது. தூக்கப் பாத்தா மூச்ச அடக்கிக்குவா."

டெவன் தட்டச்சு செய்வதை நிறுத்தினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மூணு தடவன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"இந்த வாரத்துல மட்டும் இதே மூணு தடவைய நாப்பது பேரு வாயால கேட்டுட்டேன். இதே வரிசையில. அந்த மூச்சு அடக்குறது உட்பட. எங்களுக்கு ஒரு தாள்ல அடிச்சே குடுத்திருக்காங்க, இப்படிச் சொல்றவங்கள நல்லா விசாரிங்கன்னு."

"எனக்குப் புரியல."

"இணையத்துல சுத்துது மேடம். யாரோ எழுதிப் போட்டது. வருஷக்கணக்கா சுத்துது."

பெத்தனி திரும்பி ஐவியைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். "என் பொண்ண யாருங்க எழுதிப் போட்டா?"

டெவன் 'மூணு தடவ' என்ற உடனேயே கெண்ட்ராவுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பதிவின் ஒவ்வொரு வரியும் கண்முன்னால் வந்து நின்றது. எழுந்து அந்தத் திரைக்கு முன்னால் போய், அது நான்தான், இவள் சொல்வது நிஜம் என்று சொல்ல நான்கு அடி தூரம்தான். அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்குப் பேர்போன அந்த வாய் அன்று திறக்கவில்லை.

"கொஞ்சம் அவங்களக் காட்ட முடியுமா?" என்றான் டெவன். பெத்தனி மடிக்கணினியைத் திருப்பினாள். ஐவி நீலக் கிளிப்பை நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில், தன் நாற்காலியில், அமைதியாக, அழகாக இருந்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

"டாக்டர் லெட்டர் இருக்குங்க. மூணு டாக்டர் குடுத்தது."

"நாங்க அத வாங்கிப் பாக்குறதில்ல மேடம். விதி அப்படி." அவன் மேலதிகாரியிடம் கேட்டுவருவதாகப் போனான். ஐந்து நிமிடத்தில் திரும்பிவந்தான். பாஸ் இல்லை. வேண்டுமானால், கூட வருகிற ஒருவர் வரிசையில் நிற்க, இவர்கள் வெளியே இருந்துவிட்டுப் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

"நாங்க ரெண்டு பேருதான். நானும் அவளும். கூட யாரு நிப்பா?"

"சாரி மேடம்" என்றான் அவன். அது வெறும் வாய்வார்த்தையாகத் தெரியவில்லை.

கால் முடிந்ததும் பெத்தனி மடிக்கணினியை மூடிவிட்டு அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "நான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டான் பாரு" என்றாள்.

"நான் வர்றேன்" என்றாள் கெண்ட்ரா. "நான் வரிசையில நிக்கிறேன். நீங்க வெளிய இருங்க."

அந்த நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் கெண்ட்ராவுக்கு வேலை விடவில்லை, அல்லது விடவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அந்த இரண்டு ஞாயிறும் ஐவி காலை எட்டு மணிக்குக் காலணியைப் போட்டுக்கொண்டு காரின் கதவருகே போய் நின்றாள். பெத்தனி அவளுக்கு எப்படி விளக்குவது? சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. வெயில் ஏறி, இறங்கி, தெருவிளக்கு எரியும்வரை நின்றாள். பெத்தனி குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். அதைப் போனில் கேட்டபிறகு கெண்ட்ராவால் தள்ளிப்போட முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு மூவரும் போனார்கள். லாந்தர் ஆற்றின் வாசலில் பலகை எழுபத்தைந்து நிமிடம் என்று காட்டியது. ஐவியும் பெத்தனியும் குளத்துப் பக்கம் போக, கெண்ட்ரா வரிசையில் நுழைந்தாள். தகரக் கூரைக்குக் கீழே இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வழி. ஏப்ரல் மாதத்திலேயே புழுக்கம் தாங்கவில்லை.

அவளுக்கு முன்னால் ஒஹையோவிலிருந்து வந்த ஒரு மனிதன், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றான். லாரி ஓட்டுகிறவன். இரண்டு வருடம் சேர்த்துவைத்து வந்த பயணம் என்றான். அவள் பெயரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், கையிலிருந்த ஐஸ் தண்ணீரைக் கொடுத்தான். பேச்சுவாக்கில், "இப்பப் பரவால்லையாம். முன்னாடி எல்லாம் பாதிப் பேரு பொய் சொல்லி பாஸ் வாங்கிக் குறுக்க பூந்துடுவாங்களாம்ல? என் மச்சினிகூட ஒரு பதிவ அனுப்பினா. இப்படிச் சொல்லு, அப்படி நடின்னு" என்றான்.

"நீங்க செய்யலையா?"

"மனசு வரல. இவ கூடவே நிக்கிறா பாருங்க. அப்பன் பொய் சொல்றத எதுக்குப் பாக்கணும்?"

கெண்ட்ரா அந்தத் தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

படகுத்துறைக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது அவள் தங்கையைப் போனில் கூப்பிட்டாள். வாசலில் இருந்த பெண் விதிப்படி அவர்களை உள்ளே விட்டாள். ஆனால் வாசலிலிருந்து கெண்ட்ரா நிற்கும் இடம்வரை நூற்றைம்பது பேராவது இருந்தார்கள். அந்த ஒடுக்கமான வழியில் ஒவ்வொருவரையும் தாண்டித்தான் வர வேண்டும். இதை யாருமே யோசிக்கவில்லை. பார்க்கும் யோசிக்கவில்லை, கெண்ட்ராவும் யோசிக்கவில்லை.

"எக்ஸ்கியூஸ் மி, எக்ஸ்கியூஸ் மி" என்று பெத்தனியின் சன்னமான குரல் தூரத்தில் கேட்டது. கொஞ்சம் பேர் ஒதுங்கினார்கள். பிறகு ஒதுங்குகிறவர்கள் குறைந்தார்கள். குழந்தை வண்டியைக் குறுக்கே வைத்திருந்த ஒருத்தி நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"நாங்கெல்லாம் என்ன முட்டாளா? ஒரு மணி நேரமா நிக்கிறோம்."

"எங்க அக்கா முன்னாடி நிக்கிறாங்க. என் பொண்ணுக்கு..."

"எல்லாருக்கும்தான் அக்கா முன்னாடி நிக்கிறா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஐவி காதைப் பொத்திக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து ஒரு விடலைக் குரல், போனைத் தூக்கிப் படம்பிடித்தபடி, "காத பொத்தியாச்சு. இப்ப நெத்தியில மூணு தடவ அடிப்பா பாருங்க. நெட்ல போட்டிருக்கு" என்றது.

ஐவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு" என்றது அந்தக் குரல். "ரெண்டு." இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். "மூணு!"

கெண்ட்ரா கம்பிகளுக்கு அடியில் குனிந்தும் புகுந்தும் ஓடினாள். யாருடைய காலை மிதித்தாள், யாரைத் தள்ளினாள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் போய்ச் சேர்வதற்குள் ஐவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது பக்கவாட்டுக் கம்பியில் புருவம் மோதிக் கிழிந்து, முகத்தின் பாதிவரை ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. குழந்தை வண்டிக்காரி, "ஐயோ, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது" என்று அழத் தொடங்கினாள். பெத்தனி மகளைத் தொடவும் முடியாமல், தொடாமல் இருக்கவும் முடியாமல், இரண்டு கையையும் அவள் தலைக்கு மேலே அந்தரத்தில் வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். ஒஹையோக்காரன்தான் மகளைக் கீழே இறக்கிவிட்டு வந்து, அதட்டி, வழியைக் காலி செய்தான்.

முதலுதவி அறையில் ஐவியைச் சமாதானப்படுத்தவே ஒரு மணி நேரம் ஆனது. தூங்குவதற்கு மருந்து கொடுத்த பிறகுதான் அங்கிருந்த டாக்டரால் புருவத்தைத் தைக்க முடிந்தது. நாலு தையல். கட்டிலில் அவள் தூங்க, அக்காவும் தங்கையும் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பெத்தனி. "அவ செய்யறதுக்கு முன்னாடியே எண்ணினாங்க, கெண்ட்ரா. மூணுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான்."

பெத்தனிக்குப் புரியவில்லை. கெண்ட்ரா சொன்னாள். கோல்பியைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னதிலிருந்து, அலுவலகத்தில் பேசியது, குழுவில் எழுதியது, வந்த பாராட்டு, நேர்காணலன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஐவியின் காலணிகளைப் பார்த்துச் சொன்னாள்.

பெத்தனி கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் எழுந்துபோய் ஐவியின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"அது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்டீ" என்றாள் கடைசியில். "மூணு தடவன்னு நான் எண்ணிக் கண்டுபுடிக்கவே ரெண்டு வருஷமாச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன். உன்கிட்ட சொன்னேன்."

"எனக்குத் தெரியும்."

"கோல்பிக்கு மொத்தம் எத்தன ரைடு கெடச்சுது அன்னைக்கு?"

"பெத்தனி..."

"சொல்லு. எத்தன?"

"பதினொண்ணு."

பெத்தனி தலையை ஆட்டினாள். கடையில் யாரோ கேக்குக்கு எத்தனை மெழுகுவர்த்தி என்று சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல. "நீ வீட்டுக்குப் போக வேற வண்டி புடிச்சுக்கோ" என்றாள்.

அன்று சாயங்காலமே கெண்ட்ரா அந்தப் பதிவை அழித்தாள். அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைப் படமெடுத்தும் பிரதியெடுத்தும் நூறு இடத்தில் போட்டிருந்தார்கள், அவள் பெயர்கூட அதிலிருந்து எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. பிறகு பார்க்குக்குக் கடிதம் எழுதினாள். பொய் சொன்னது நான்தான், தங்கை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம், அந்த வார்த்தைகள் அவளிடமிருந்து திருடியவை என்று மூன்று பக்கம். பழைய பாஸின் எண், தேதி, எல்லாம் கொடுத்தாள். ட்ராய் படித்துப் பார்த்துவிட்டு, "பைத்தியமா உனக்கு? கையெழுத்துப் போட்டு வேற அனுப்பணுமா?" என்றான்.

"போடணும்."

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பெத்தனியின் விண்ணப்பம் மறுபடி பரிசீலிக்கப்படும். கெண்ட்ராவும் அன்று அந்தப் பாஸில் இருந்த குடும்பத்தார் எல்லோரும் இனி ஒருபோதும் ஹெரன்லாண்டுக்குள் வரக் கூடாது. ட்ராய் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. கோல்பிக்கு இப்போது பதின்மூன்று வயது. அவன் அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, அன்னைக்கு என்னைக் காத பொத்திக்கச் சொன்னியே. அது ஐவி மாதிரி நடிக்கிறதுக்கா?"

"ஆமாடா."

"நான் விளையாட்டுன்னு நெனச்சேன்."

அவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கோடை முழுக்கக் கெண்ட்ரா தங்கைக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை, உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. செப்டம்பரில் ஒரு மத்தியானம், மருத்துவமனை வாசலில் காருக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெத்தனியே கூப்பிட்டாள்.

"பாஸ் வந்துடுச்சு. நீ லெட்டர் எழுதினன்னு அந்த டெவன் சொன்னான்."

"போனீங்களா?"

"மொதல் நாலு வாரம் பார்க்கிங்லயே கார விட்டு எறங்கல. அஞ்சாவது வாரம் எறங்கினா. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா வாசல் வரைக்கும். போன ஞாயிறு படகுல ஏறிட்டா."

கெண்ட்ரா கண்ணை மூடிக்கொண்டாள். "ஏறிட்டாளா?"

"ம். ஏறிட்டா." மறுமுனையில் பெத்தனி மூச்சை இழுத்துவிட்டாள். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்கிட்டா. எட்டு நிமிஷமும் எடுக்கல. நான் என் கைய அவ பக்கத்துல வச்சுப் பாத்தேன். நகந்து உக்காந்தா."

தெருவில் ஒரு பள்ளிப் பேருந்து போனது.

"நான் என்ன செய்யட்டும் சொல்லு. என்ன வேணும்னாலும் செய்யறேன். வேற டாக்டர் பாக்கலாம். ஒர்லாண்டோவுல ஒருத்தர் இருக்காராம், எங்க மருத்துவமனைக்கு வர்றவங்க சொன்னாங்க, நான் பேசி..."

"ஒண்ணும் செய்யாத."

"பெத்தனி, ப்ளீஸ்."

"நீ எப்பவும் ஏதாவது செய்வ. யாருகிட்டயாவது பேசிச் சாதிச்சுடுவ. இந்தத் தடவ ஒண்ணும் செய்யாத. நான் உன்ன வெறுக்கல. வெறுக்கலாம்னு பாத்தேன், முடியல. ஆனா ஐவியப் பத்தி இனிமே உன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். நல்லது கெட்டது எதுவும். அத மட்டும் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சரி" என்றாள் கெண்ட்ரா.

சொன்னபடியே பெத்தனி இருக்கிறாள். உறவை முறித்துக்கொள்ளவில்லை. நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றிகூறல் நாளன்று அம்மா வீட்டு விருந்துக்கு ஐவியோடு வந்தாள், கெண்ட்ராவின் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். ஐவியின் புருவத்தில் முடி முளைக்காத ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. ஐவி எப்படி இருக்கிறாள் என்று கெண்ட்ரா ஒரு தடவை கேட்டுவிட்டாள், பழக்கதோஷத்தில். "நல்லாருக்கா" என்றாள் பெத்தனி. சோளரொட்டித் தட்டை நகர்த்திக் கொடுத்தாள்.

பிறந்தநாளுக்குப் போன் செய்தால் எடுக்கிறாள். வேலையைப் பற்றி, வானிலையைப் பற்றி, அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறாள். கேக் வாங்க வருகிறவர்களிடம் பேசும் அந்தக் குரல், அதே பொறுமை, அதே இனிமை. "கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி கெண்ட்ரா. வீட்டுல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு." அப்புறம் போனை மெதுவாக வைத்துவிடுகிறாள்.